ஆட்டமானிக்கு வைத்த பொட்டு

இந்தக் கதையில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று கூடைப்பந்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்யப்படுகிறது. பந்தில் காற்று கொஞ்சம் குறைவு. அதனால் சத்தியத்துக்கு ஒரு குறையும் இல்லை.

2062ஆம் ஆண்டு ஜூலை மாதம், செங்குளத்துப்பட்டி அரசு மேல்நிலைப் பள்ளி மைதானத்தில் அறுபத்து மூன்று பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். வரிசையின் தலைமாட்டில் ஆட்டமானி நின்றது. அதற்குப் பக்கத்தில், கழுத்தில் விசிலோடு, உடற்கல்வி ஆசிரியர் நல்லதம்பி நின்றார்.

ஆட்டமானி ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குட்டையான, தொப்பை வைத்த வெள்ளை இயந்திரம். அதன் முன்னால் ஒரு பிள்ளை இருபது முறை பந்தை வளையத்துக்குள் எறிய வேண்டும். பந்தைத் தட்டிக்கொண்டு பத்து முறை ஓட வேண்டும். ஏழாவது நிமிடம் அதன் வயிற்றில் நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண் பச்சையாக எரியும். எண்பதும் அதற்கு மேலும் என்றால் பள்ளி அணி, விளையாட்டு விடுதி, காலையில் இரண்டு முட்டை, பிற்பாடு கல்லூரியில் இடம். எண்பதுக்குக் கீழே என்றால் வகுப்பில் போய் உட்காரலாம். ஆயுளுக்கு ஒரே சோதனை. மறுசோதனை கேட்பது, பிறந்த நேரத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்பது மாதிரி. நாற்பது வல்லுநர்கள் ஓராண்டு ஒன்றாக உட்கார்ந்து, முழங்கை எப்படி மடங்க வேண்டும், மணிக்கட்டு எப்படி விழ வேண்டும் என்றெல்லாம் அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

நல்லதம்பிக்கு அந்த இயந்திரத்தின் மேல் உயிர். அது வருவதற்கு முன்பு ஆள் தேர்வு என்றால் ஒரு வாரத்துக்கு அவருக்குச் சோறு இறங்காது. இவனை எடுத்தால் அவனுடைய தாய்மாமன் முறைப்பார். அவனை எடுத்தால் இவனுடைய தெருவே முறைக்கும். ஒருமுறை ஒருவர் தன் பிள்ளைக்காக ஓர் ஆட்டுக்குட்டியைக் கொண்டுவந்து கம்பத்தில் கட்டிவிட்டுப் போனார். அது வலையைத் தின்றுவிட்டது. இப்போது அந்தத் தொல்லையெல்லாம் இல்லை. தீர்ப்பு தன் தலையிலிருந்து இறங்கிவிட்டது என்று அவர் நிம்மதியாகத் தூங்கினார். அந்தத் தூக்கத்துக்காகத்தான் பிற்பாடு அவர் வருத்தப்பட்டார்.

ஆட்டமானி பள்ளிக்கு வந்தது அதற்கு முந்தைய ஆண்டு, ஆயுத பூசைக்கு முதல் நாள். பொருத்த வந்தவர்கள் பொருத்திவிட்டு, ஊருக்குப் போகும் அவசரத்தில், முத்திரையிட்ட உறை ஒன்றைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார்கள். அதில் கையேடு இருந்தது. நல்லதம்பி அதை அப்படியே பீரோவில் வைத்தார்.

மறுநாள் பூசை. செங்குளத்துப்பட்டியில் ஆயுத பூசை என்றால் பொட்டு வைக்காத பொருள் இருக்கக் கூடாது. பள்ளி மணிக்கு, ஓட்டுநர் இல்லாத பேருந்துக்கு, பந்துக்குக் காற்றடிக்கும் பம்புக்கு, தலைமையாசிரியை ஜெனோவாவின் கணினிக்கு, கையேடு இருந்த பீரோவுக்கு என்று எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கடைசியாக நல்லதம்பி ஆட்டமானிக்கு முன்னால் வந்து நின்றார். அதன் முன்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக, கருகருவென்று ஒரு கண்ணாடி.

"எங்க வைக்கப் போறீங்க சார்?" என்றார் ஜெனோவா.

"நெத்தி மாதிரி இது ஒண்ணுதானே மேடம் இருக்கு."

மோதிர விரலால் சந்தனத்தை வழித்து, நடுக்கண்ணாடியில் ரூபாய் அகலத்துக்கு இட்டு, அதன் மேல் குங்குமம் வைத்தார். இயந்திரம் ஆடாமல் அசையாமல் ஏற்றுக்கொண்டது. வைத்த பொட்டை அழிக்கும் வழக்கம் அந்த ஊரில் இல்லை. தினமும் ஈரத்துணியால் அதன் தலை, முதுகு, தொப்பை எல்லாம் பளபளவென்று துடைப்பார். பொட்டை மட்டும் சுற்றிக்கொண்டு போவார். அடுத்த ஆண்டு பழைய பொட்டின் மேலேயே புதிய பொட்டு. ஐந்தாம் ஆண்டில் அது ஓர் உளுந்து வடை கனத்துக்கு வந்துவிட்டது.

இனி அந்த ஜூலை மாதத்துக்கு வருவோம். வரிசையில் நாற்பத்தொன்றாவதாக நின்றவள் மாயக்காள், ஒன்பதாம் வகுப்பு. பாட்டிமார் பெயர்கள் மறுபடி நாகரிகமாகிவிட்ட காலம் அது. அவள் அம்மாவுக்கு ஊருக்கு மேற்கே சூரியத்தகட்டு வயலில் வேலை. ஆயிரக்கணக்கான தகடுகளுக்குத் தூசி துடைக்க வேண்டும்.

பெண் பந்தை வாங்கினாள். இடுப்புக்கு இறக்கினாள். இரண்டு கையாலும், கழுநீர்ச் சட்டியை வாசலில் வீசுவது போல வீசினாள். பின்வரிசையில் சிரித்தார்கள். பந்து வளையத்தைத் தொடாமல் உள்ளே இறங்கியது.

இரண்டாவதும் இறங்கியது. மூன்றாவதும். எட்டாவதில் சிரிப்பு நின்றது. பதினைந்தாவதில் சத்துணவுக்கூடத்தில் இருந்தவர்கள் கரண்டியோடு வெளியே வந்து நின்றார்கள். இருபதாவது பந்து இறங்கியபோது வலை தாங்காமல் அறுந்து விழுந்தது. வலை பழையது என்று யாரும் சொல்ல முடியாது. ஆடு தின்ற பிறகு புதிதாகக் கட்டியது.

பத்து ஓட்டமும் முடிந்ததும் ஆட்டமானியின் வயிற்றில் எண் எரிந்தது. பதினொன்று.

மாயக்காள் எண்ணைப் பார்த்தாள். வளையத்தைப் பார்த்தாள். பிறகு நல்லதம்பியைப் பார்த்தாள்.

"சார், இதுக்கு எண்ணத் தெரியாதா?"

"அப்படிச் சொல்லாதம்மா. நமக்குத் தெரியாததெல்லாம் அதுக்குத் தெரியும்."

"இருபதும் விழுந்துச்சு சார்."

"விழுந்துச்சு. விழுந்த விதம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இன்னொரு தடவை போடட்டுமா? வேணும்னா அவங்களை மாதிரியே கைய மேல தூக்கிப் போடுறேன்."

"ஒரு ஆளுக்கு ஒரு தடவைதாம்மா. விதி."

அவள் பந்தைப் பாவாடையில் துடைத்து அவர் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு உடனே போகவில்லை.

"நீங்க பாத்தீங்கல்ல சார்?"

நல்லதம்பி முப்பது ஆண்டுகளாகப் பந்தோடு கிடக்கிறவர். அப்படி ஒரு கையை அதற்கு முன்பும் அவர் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. ஆனால் அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"நான் பாத்து என்னம்மா ஆகப்போகுது."

ஏட்டில் பதினொன்று என்று எழுதினார். அடுத்தவனைக் கூப்பிட்டார். அடுத்தவன் அன்னம் மாதிரி எழும்பி, மணிக்கட்டைப் பூப்போல மடக்கி, இருபது பந்தையும் வளையத்துக்கு வெளியே போட்டான். தொண்ணூற்று நான்கு.

இப்படித்தான் மாவட்டம் முழுவதும் அணிகள் அமைந்தன. ஒவ்வொரு பள்ளியிலும் ஆட்டமானி இருந்தது. ஒவ்வொரு பள்ளியிலும் ஆயுத பூசையும் நடந்தது. அந்த அணிகள் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, அந்த அழகை எழுதினால் நம்ப மாட்டார்கள். ஆனாலும் சத்தியம் செய்தாகிவிட்டது. பந்து வளையத்தைத் தவிர எல்லா இடத்துக்கும் போயிற்று. இறுதிப் போட்டிகள் பூஜ்யத்துக்குப் பூஜ்யம் என்று முடிந்தன. இரண்டு அணிகளுக்கும் கோப்பை கொடுத்தார்கள். கூட்டமும் மெல்லப் பழகிக்கொண்டது. பந்து வளையத்தில் விழுந்தால் யாரோ தவறுதலாகப் போட்டுவிட்டான் என்று பரிதாபப்பட்டது. மணிக்கட்டு நன்றாக மடங்கினால் விசில் பறந்தது. பெண் கொடுக்க வந்தவர்கள் சாதகத்துக்கு அடுத்தபடியாகப் பையனின் எண்ணைக் கேட்டார்கள்.

எட்டு ஆண்டுகள் இப்படிப் போயின. ஒன்பதாம் ஆண்டு மாவட்ட அணி வெளியூர் போய், ஆட்டமானி என்றால் என்னவென்றே தெரியாத ஓர் அணியோடு ஆடியது. நூற்றுப் பன்னிரண்டுக்குப் பூஜ்யம். விசாரிக்க மூன்று பேர் கொண்ட குழு போட்டார்கள். குழு செங்குளத்துப்பட்டிக்கும் வந்தது. அதன் தலைவர் ஆட்டமானியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து முன்னால் நின்றார்.

"இதோட கண்ணுல வடை ஒட்டினது யாருங்க?"

"வடை இல்லைங்கய்யா, பொட்டு," என்றார் நல்லதம்பி.

"பொட்டா? எத்தனை வருஷமா?"

"வருசத்துக்கு ஒண்ணுங்கய்யா."

தலைவர் வளையத்தைத் திரும்பிப் பார்த்தார். பொட்டைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே காற்றில் விரலால் ஒரு கோடு இழுத்தார். கோடு நேராக இருந்தது. "வளையம் இருக்கிற இடத்தை அப்படியே மறைச்சிருக்கீங்களேய்யா. பந்து உள்ள போச்சா, வெளிய போச்சான்னு இதுக்கு எப்படித் தெரியும்?"

பொட்டை உளியால் பெயர்த்தார்கள். பெயர்த்ததில் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. குருட்டு இயந்திரத்தைச் சோதித்து என்ன பயன் என்று அத்தோடு அணைத்தார்கள். செய்தவர்களைக் கேட்கலாம் என்றால், அந்த நிறுவனம் என்றைக்கோ மூடப்பட்டிருந்தது. மற்றப் பள்ளிகளிலும் போய்ப் பார்த்தார்கள். எல்லா ஆட்டமானிகளும் வடையோடு நின்றன. யாரையும் தண்டிக்க வழியில்லை. தண்டிப்பதென்றால் மாவட்டத்தையே தண்டிக்க வேண்டும். இனி எந்த இயந்திரத்துக்கும் பொட்டு வைக்கக் கூடாது என்று ஓர் ஆணை வந்தது. அந்த ஆணைக்கும் வழக்கப்படி மூலையில் மஞ்சள் தடவித்தான் ஒட்டினார்கள்.

நல்லதம்பி தன் மோதிர விரலைப் பார்ப்பதை விட்டுவிட்டார். சாப்பிடும்போது அந்த விரலை ஒதுக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டார். ஏட்டில் எண்பதுக்குக் கீழே நானூற்றுச் சொச்சம் பெயர்கள் இருந்தன. எல்லாப் பெயரையும் தாண்டிக்கொண்டு ஒரே பெயர் அவரைப் பார்த்தது.

ஒரு சனிக்கிழமை காலையில் சூரியத்தகட்டு வயலுக்குப் போனார். கண்ணுக்கு எட்டின மட்டும் நீலத் தகடுகள். நடுநடுவே முப்பதடி உயரத்தில் மேல்தட்டுத் தகடுகள். கீழே மாயக்காள் நின்றுகொண்டிருந்தாள். அம்மாவின் வேலை இப்போது அவளுக்கு. கயிறு கட்டிய ஈரப் பஞ்சுப்பந்து ஒன்றை இடுப்புக்கு இறக்கி, இரண்டு கையாலும் வீசினாள். அது மேல்தட்டில் ஒட்டியிருந்த பறவை எச்சத்தின் மேல் குறி தப்பாமல் போய் விழுந்தது. கயிற்றை இழுத்தாள், மறுபடி வீசினாள். மற்றவர்கள் ஏணியோடு அலைந்துகொண்டிருந்தார்கள். அவளுக்கு ஏணி இல்லை.

"பி.டி. சாரா? வாங்க சார்! என்ன இங்கிட்டு?"

"உன்னையப் பாக்கத்தாம்மா."

"என்னையவா? இன்னும் ஏதாவது மார்க்கு குறைக்கணுமா சார்? கைவசம் பதினொண்ணுதான் இருக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அவருக்குச் சிரிக்க வரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சந்தனம், குங்குமம், வடை, உளி, விரிசல் விட்ட கண்ணாடி. சொல்லி முடித்து வலது கையை நீட்டிக் காட்டினார். "இந்த விரல்தாம்மா. இந்த விரல்தான் உன்னைய மறைச்சிருச்சு. தெரியாமச் செஞ்சது. மன்னிச்சிரும்மா."

மாயக்காள் விரலைப் பார்த்தாள். கயிற்றைச் சுற்றத் தொடங்கினாள். அவரே தொடர்ந்தார்.

"அடுத்த மாசம் இங்க மாவட்ட அணிக்கு ஆள் தேர்வு இருக்கு. இப்ப மெஷின் கிடையாது, நானே பாத்து எடுக்கலாம். நீ வந்தேன்னா..."

"இருபத்தொரு வயசு தாண்டக் கூடாதுல்ல சார். எனக்கு ஆவணி வந்தா இருபத்து மூணு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"விடுங்க சார். அதுக்குப் பொட்டு வச்சது நீங்க. தெரியாம வச்சீங்க. சரி." அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவருக்குத் தாங்க முடியாததாக இருந்தது. "ஒண்ணு மட்டும் கேக்குறேன். அன்னைக்கு நீங்களும் அங்கதான நின்னீங்க. உங்க கண்ணுல யாரு சார் பொட்டு வச்சா?"

நல்லதம்பி நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். தூரத்தில் யாரோ ஏணியைச் சாய்க்கும் சத்தம் கேட்டது.

"வெயில்ல நிக்காதீங்க. இந்தாங்க, ஒண்ணு போட்டுப் பாருங்க," என்று பஞ்சுப்பந்தை அவர் கையில் கொடுத்தாள். அவர் வல்லுநர்கள் சொன்னபடி முழங்கையை மடக்கி, மணிக்கட்டைப் பூப்போல விழவிட்டு எறிந்தார். பந்து அவர் தலையிலேயே வந்து விழுந்தது. முகமெல்லாம் தண்ணீர். அந்தத் தண்ணீரைத் துடைத்துக்கொள்ள அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். என்ன இருந்தாலும் குற்றம் பொட்டின் மேல்தான். பொட்டு இல்லாதிருந்தால் இயந்திரம் இருபதையும் பார்த்திருக்கும், அவளுக்கு நூறு போட்டிருக்கும், அவரும் நூறு என்று எழுதியிருப்பார். இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த மூன்று ஆண்டுகளை ஓட்டினார்.

ஓய்வு பெற்ற நாளில் பீரோவைக் காலி செய்தார். அடித்தட்டில் அந்த உறை கிடந்தது. முத்திரையை முதன்முறையாக உடைத்தார். கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் படம் போட்டு எழுதியிருந்தது: முன்பக்க வட்டக் கண்ணாடி வெறும் அலங்காரம், ஆட்டமானியின் எட்டுக் கண்களும் உச்சந்தலையில் இருக்கின்றன, அவற்றைத் தினமும் ஈரத்துணியால் துடைத்தால் போதும்.