ஃபேனில் சிக்கிய வேப்பிலை

அயோத்தியாப்பட்டணத்தில் தங்கசாமி வீட்டின் பின்பக்க அறைக்குச் சரிதா குடிவந்தபோது புதுச் சுண்ணாம்பு வாசனை அடித்தது. ஒரு கதவு, ஒரு ஜன்னல். மேசைக்கடியில் சிமெண்ட் தரையில் நூல்போல ஒரு வெடிப்பு.

தொலைபேசியில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. ஆத்தூர் சாலையின் லாரி ஹார்ன் அவர்களுக்குக் கேட்கக் கூடாது. ஒன்பது மணிக்குக் கதவையும் ஜன்னலையும் தாழிட்டுவிடுவாள். கேமராவில் ஐந்து நிமிடம் முகம் தெரியாவிட்டால் வேலை போய்விடும். இந்த வெள்ளிக்கிழமையைத் தாண்டிவிட்டால் வேலை நிரந்தரம்.

திங்களன்று அவளுடைய லேப்டாப்பில், அதை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேருக்கு அப்டேட் ஏறியது. அன்றிலிருந்து ஃபேன் இரைந்தது. ஒரே சீராக அல்ல. ஏறும், இறங்கும், யாரோ கயிற்றை இழுத்து இழுத்து விடுவதுபோல.

"மாவு மில்லுல இருந்தா பேசறீங்க?" என்றார் ஒரு வாடிக்கையாளர்.

வியாழன் மாலை அஸ்தம்பட்டியில் லேப்டாப் பழுதுபார்க்கும் நயீமின் கடைக்குக் கொண்டுபோனாள். அங்கே சத்தமே இல்லை. கழற்றிப் பார்த்தவன், ஃபேனிலிருந்து ஒரு பச்சை வேப்பிலையை இடுக்கியால் எடுத்தான்.

"வேப்பமரத்தடியில ஒக்காந்து வேல பாக்கறீங்களாக்கா? குடுத்து வெச்சவங்க."

"பக்கத்துல மரமே இல்ல தம்பி. ஜன்னலக்கூடத் தொறக்கறதில்ல."

பழைய ஃபர்ம்வேரையே மறுபடி ஏற்றிக் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை லேப்டாப் அமைதியாக இருந்தது.

பதினொரு மணிக்குத் தலை வலித்தது. பன்னிரண்டு மணிக்குச் சேறும் துருவும் கலந்த வாடை. ஜன்னலைத் திறக்க நினைத்தாள்; அழைப்புகள் விடவில்லை.

வாடை மேசைக்கடியிலிருந்து வந்தது.

எழுந்தாள். கால் நிற்கவில்லை. சார்ஜர் ஒயர் சிக்கி லேப்டாப் தரையில் விழுந்தது. திரை அணைந்தது.

தவழ்ந்தாள். தாழ்ப்பாளை எட்டிப் பிடித்தாள். அதை நகர்த்த விரல்களில் பலமில்லை.

கத்த வாயைத் திறந்தாள்.

உள்ளே இழுக்கக் காற்றில்லை.

அணைந்து கிடந்த லேப்டாப்பில் ஃபேன் சுற்றத் தொடங்கியது.

ஏறியது. இறங்கியது. வேப்பிலை மணத்தோடு ஒரு காற்று அவள் முகத்தில் அடித்தது.

ஒரு மூச்சு. இன்னொன்று.

தாழ்ப்பாள் நகர்ந்தது.

வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்த தங்கசாமியின் மனைவி பொன்னாயி ஓடி வந்து அவளைத் தாங்கிக்கொண்டாள்.

"என்ன சாமி, மூஞ்சியெல்லாம் நீலம் பாஞ்சு கெடக்குது?"

சரிதா சொன்னதைக் கேட்டவள், வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"இது கெணத்து மேல கட்டுன ரூமு. பழைய கெணத்துல ஆளு எறங்கறதுக்கு முன்னாடி, வேப்பங்கொழையக் கயித்துல கட்டி மேலயும் கீழயும் ஆட்டோணும். அப்பத்தான் கெட்ட காத்து கலையும். பயிரு காயுதுன்னு எங்கூட்டுக்காரரு அன்னைக்கு அவசரப்பட்டுட்டாரு. பழுதான மோட்டார எடுக்கக் கூலியாளு தீர்த்தகிரிய அப்புடியே எறக்கிட்டாங்க."

"அவரு ஏறி வந்தாராக்கா?"

பொன்னாயி துவைத்த துணியை மறுபடியும் துவைக்க ஆரம்பித்தாள்.

வேலை போய்விட்டது. சரிதா இப்போது அஸ்தம்பட்டியில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறாள். விழுந்த லேப்டாப்பிலிருந்து நயீம் ஃபேனை மட்டும் கழற்றித் தன் கடையிலேயே வைத்துக்கொண்டான். ஃபேன் இல்லாத லேப்டாப் கட்டிலுக்கடியில் பைக்குள் கிடக்கிறது.

மழை பெய்தாலும் அவள் ஜன்னலைச் சாத்துவதில்லை.

சாத்தினால், பைக்குள் ஃபேன் சுற்றத் தொடங்குகிறது.