நிமிர்ந்து நிற்க மறுத்த நாசகாரி

"மறுபடியும் கவுந்துடுச்சு!" என்று கத்தினான் சவுரிராயன்.

ஞானமதி தலையில் கை வைத்துக்கொண்டாள். இது நான்காவது முறை. திண்டிவனத்தில் அவர்கள் படிக்கும் பள்ளிக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. அதற்குள் அவர்களுடைய போர்க்கப்பல் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது.

அது 1986-ஆம் வருஷம். சனிக்கிழமை விழுப்புரத்தில் அறிவியல் கண்காட்சி. இன்று வியாழன். "கப்பல் தண்ணியில நேரா நின்னாத்தான் கூட்டிக்கினு போவேன்" என்று அரங்கநாதன் சார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அவர்கள் செய்வது சாதாரணக் கப்பல் இல்லை. நாசகாரி! வானத்திலிருந்து தாக்க வரும் விமானங்களைத் தடுத்து, கூட வரும் கப்பல்களைக் காப்பாற்றும் போர்க்கப்பல். அதைப் பற்றிப் பத்திரிகையில் படித்துவிட்டு வந்து, இதைச் செய்யலாம் என்று சொன்னவளே ஏழாம் வகுப்பு ஞானமதிதான். அதனால் அவள்தான் தலைவி. ஏன் சொன்னோம் என்று இப்போது நொந்துகொண்டிருந்தாள்.

"எல்லாம் பாஞ்சாலி வெச்ச ரேடாராலதான்" என்றான் விருத்தாசலம். "பனைமரம் மாதிரி நட்டு வெச்சிருக்கா."

பாஞ்சாலிக்குக் கோபம் வந்துவிட்டது. சைக்கிள் கம்பியின் நுனியில் பால்பவுடர் டின் மூடியைப் பொருத்தி ரேடார் செய்தவள் அவள். "உசரத்துல இருந்தாத்தானே தூரத்துல வர்ற விமானம் தெரியும்? மதில் மேல ஏறி நின்னா ரயில் வர்றது நமக்கு முன்னாடியே தெரியல? நீ வெச்ச ஏவுகணையைப் பாரு. எட்டு ஆணி! ஒவ்வொண்ணும் என் விரல் நீளம்!"

"எட்டு விமானம் வந்தா இன்னா பண்ணுவ? நாலு ஏவுகணையை விட்டுட்டு, மீதி நாலுக்கு டாட்டா காட்டுவியா?"

"சவுரி ஹெலிகாப்டரை எடுத்தா சரியாயிடும்" என்றாள் பாஞ்சாலி.

கப்பல் கவிழ்ந்தபோது தண்ணீரில் விழுந்திருந்த, மரத்தில் செதுக்கிய தன் ஹெலிகாப்டரைச் சவுரிராயன் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அதைச் செதுக்க அவனுக்குப் பதினோரு நாள் ஆகியிருந்தது. "நான் தரமாட்டேன். கடலுக்கடியில நீர்மூழ்கி வந்தா யாரு கண்டுபிடிக்கறது?"

"உங்களோட ஒரே பேஜாரு!" என்று சீறினாள் ஞானமதி. "ஒருத்தராவது விட்டுக் குடுக்கறீங்களா? சரி, ஒண்ணொண்ணா கழட்டுங்க. யாரால கவுருதுன்னு பார்த்துடலாம்."

முதலில் ரேடாரைக் கழற்றினார்கள். கப்பல் சாய்ந்தது.

எட்டு ஏவுகணைகளையும் எடுத்தார்கள். அப்போதும் சாய்ந்தது.

சவுரிராயன் ஹெலிகாப்டரைத் திரும்பக் கப்பலில் வைக்கவே இல்லை. கப்பல் இன்னும் சாய்ந்தபடிதான் இருந்தது.

மூன்று பேரும் ஞானமதியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கப்பலின் மேல் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். ஞானமதி பித்தளைக் குழாயில் செய்த பளபளக்கும் பீரங்கி.

"அதுவா? அது... அது அழகா இருக்குதே" என்றாள் ஞானமதி. சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

பல்லைக் கடித்துக்கொண்டு பீரங்கியைத் தூக்கினாள். கப்பல் ஒரு குலுங்கு குலுங்கி, நேராக நிமிர்ந்து நின்றது.

விருத்தாசலம் சிரிப்பை அடக்கப் பார்த்தான். முடியாமல் மூக்கு வழியாகச் சிரித்தான். ஞானமதிக்குக் காது சிவந்துவிட்டது. ஆனாலும் பீரங்கியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"என்னுது வேணாம். நம்ம கப்பல் எதுக்கு? விமானத்தைத் தடுக்க. அதுக்கு எது இல்லாம முடியாது?"

"ரேடாரு" என்றாள் பாஞ்சாலி.

"ஏவுகணை" என்றான் விருத்தாசலம்.

தலைவியே விட்டுக் கொடுத்த பிறகு மற்றவர்களால் முரண்டு பிடிக்க முடியவில்லை. பாஞ்சாலி கம்பியின் உயரத்தைக் குறைக்கவில்லை. டின் மூடியை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டு, தீக்குச்சிகளை ஒட்டி லேசான ரேடார் செய்தாள். விருத்தாசலம் நான்கு ஆணிகளை மேலே வைத்தான். மீதி நான்கைக் குடைந்த வயிற்றுக்குள், அடித்தட்டில் படுக்கவைத்தான். மேலே இருந்தபோது கவிழ்த்த அதே ஆணிகள், கீழே போனதும் கப்பலை ஆடாமல் பிடித்துக்கொண்டன.

"கொஞ்சம் அமிழ்ந்து போவுதே. வேகமா ஓட முடியாதே" என்றான் விருத்தாசலம்.

"மெதுவா போவட்டும். கவுராம போனா போதும்" என்றாள் ஞானமதி.

பிறகு ஹெலிகாப்டரைப் பின்பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். வால் அமிழ்ந்து தண்ணீர் உள்ளே ஏறியது. சவுரிராயன் அதை எடுத்துச் சட்டையில் துடைத்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

அவன் அழுதால் ஞானமதிக்குத் தாங்காது. எரிச்சலோடு சுற்றுமுற்றும் பார்த்தாள். கப்பல் செய்த முருங்கைக் கட்டையில் ஒரு துண்டு மிச்சம் கிடந்தது.

"டேய், மூக்கை உறிஞ்சாத! இதுல ஒரு சின்னக் கப்பல் செய். அது உன் ஹெலிகாப்டரைத் தூக்கிக்கினு கூடவே வரட்டும். நீர்மூழ்கியை அது பார்த்துக்கும். வானத்தை இது பார்த்துக்கும்."

சவுரிராயன் அப்போதே பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

சனிக்கிழமை விழுப்புரத்தில், அகலமான தகரத் தொட்டியில் இரண்டு கப்பல்களும் பக்கத்தில் பக்கத்தில் மிதந்தன. நடுவராக வந்த கிருஷ்ணவேணி மேடம் குனிந்து பார்த்தார். திடீரென்று தண்ணீருக்குள் கையை விட்டு ஓர் அலை எழுப்பினார்.

பாஞ்சாலி கண்ணை மூடிக்கொண்டாள். நாசகாரி இந்தப் பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கம் சாய்ந்தது. பிறகு நிமிர்ந்துகொண்டது.

"நல்லா நிக்குதே! ஆனா பெரிய பீரங்கி இல்ல. ஹெலிகாப்டர் வேற கப்பல்ல இருக்குது. எல்லாமே இதுலயே இருக்கிற மாதிரி ஒரு கப்பல் செஞ்சிருக்கலாமே?" என்று கேட்டார்.

ஞானமதி பெருமூச்சு விட்டாள்.

"செஞ்சோம் மேடம். நாலு தடவை கவுந்துடுச்சு."

மேடம் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே நோட்டில் ஏதோ எழுதினார். மாலையில் இரண்டாம் பரிசு என்று அறிவித்தார்கள்.

திரும்பும் ரயிலில், பரிசு கிடைத்தது ரேடாருக்கா, ஏவுகணைக்கா, ஹெலிகாப்டருக்கா என்று மூன்று பேரும் சண்டையை ஆரம்பித்தார்கள். முண்டியம்பாக்கம் தாண்டியும் ஓயவில்லை. எதிர் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வேறு பெட்டிக்கே போய்விட்டார்.

"ஐயோ, ஆண்டவா!" என்று ஞானமதி இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள்.

ரயில் தடதடவென்று குலுங்கியது. அவள் மடியில் கப்பல் மட்டும் நேராக உட்கார்ந்திருந்தது.