மேல் பொத்தான்

திருகோணமலைக்கு அருகே இருந்த ஒரு விமானப்படைத் தளத்தின் காட்சிக்கூடத்துக்குக் கமலாதேவி கூட்டித் துடைக்கப் போனது 1996இல். தம்பலகாமத்திலிருந்து பஸ், வாசலில் உடற்சோதனை, பிறகு அந்த நீண்ட தகரக் கொட்டகை. உள்ளே, இரண்டாம் உலகப்போரில் ஜப்பான்காரன் குண்டு போட்ட காலத்தைக் காட்டி வைத்திருந்தார்கள். துருப்பிடித்த விமான விசிறி, அபாயச் சங்கு, மண்மூட்டை அடுக்கும் கூலியாட்களாகச் சில சீமெந்துப் பொம்மைகள். பழைய சண்டை கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது. புதுச் சண்டை வெளியே நடந்துகொண்டிருந்தது.

பொம்மைகளின் சட்டைப் பொத்தான்கள் எல்லாம் பூட்டியிருக்க வேண்டும் என்பது பொறுப்பதிகாரியின் கட்டளை. ஓரத்துப் பொம்மைக்கு மட்டும் தினமும் காலையில் மேல் பொத்தான் திறந்திருக்கும். கூட வேலைசெய்த, கிண்ணியா ஊர்க்காரி ஸல்ஹா எலியின் மேல் பழியைப் போட்டாள். பொத்தான் கழற்றத் தெரிந்த எலி!

ஒருநாள் தோய்ப்பதற்காக அந்தச் சட்டையைக் கழற்றினாள் கமலாதேவி. கழுத்துப்பட்டி ஈரமாக இருந்தது.

வேர்வை.

கூடவே சுருட்டு மணம்.

பட்டியைத் திருப்பினாள். உட்புறம் கறுப்பு மையில் ஒரு கோடும் இரண்டு புள்ளியும். ஊர்ச் சலவைக்காரர் அவள் வீட்டு உடுப்புக்கு மட்டும் போடும் குறி அது. தொண்ணூறாம் ஆண்டில் இராணுவச் சோதனைச்சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டுக் காணாமல் போன அன்று, அவள் கணவன் ஞானசேகரம் போட்டிருந்த சட்டை. சுருட்டுப் பிடிக்கிறவர். மேல் பொத்தானைப் பூட்டினால் மூச்சு முட்டுது என்பார். கலியாண வீட்டிலும் பூட்டமாட்டார்.

அவர் உயிரோடு இருக்கிறார் என்று நம்பி அன்றுவரை பொட்டு வைத்துக்கொண்டிருந்தவள் அவள்.

"இந்தச் சட்டை எங்கயிருந்து வந்ததெண்டு கேக்கப்போறன்," என்றாள்.

ஸல்ஹா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கேக்க ஏலா அக்கா. கேட்டா நாளைக்கு ஒங்களயும் தேட வேணும்."

உண்மைதான். வீட்டில் மகள் பூரணி தனியே இருந்தாள். கமலாதேவி சட்டையைத் தோய்த்துக் காயவைத்துப் பொம்மைக்குப் போட்டுவிட்டாள். ஸல்ஹா வெளியே போனதும் அதன் காதருகே குனிந்தாள்.

"இஞ்சயா இருக்கிறியள்?"

மறுநாள் பொத்தான் திறந்திருந்தது.

பெரிய அதிகாரிகள் பார்வையிட வரும் நாளும் வந்தது. பொறுப்பதிகாரி ஊசியும் நூலும் கொடுத்து, அந்தப் பொத்தானைப் பூட்டி, இனித் திறக்காதபடி சட்டையோடு சேர்த்துத் தைத்துவிடச் சொன்னார். சொல்லிவிட்டுப் பின்னால் நின்றார்.

அவள் தைத்தாள். வேறென்ன செய்ய முடியும் அவளால்? கண்ணீர் விழுந்து நூல் நனைந்தது.

கடைசி முடிச்சைப் போட்டாள்.

விரலுக்குக் கீழே, அந்தச் சீமெந்துத் தொண்டை ஒருமுறை விழுங்கியது.

"இன்னும் இறுக்குங்க," என்றார் பின்னால் நின்றவர்.

அவள் இறுக்கினாள்.