எரியாத புண்

உப்புக் கொட்டகைக்குள் ஏதோ அழுகிய நாற்றம் அடித்தது. ராஜ்கமலுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. உப்புக்குள் எதுவும் அழுகாது. போன வருடம் குவியலுக்குள் சிக்கிச் செத்த பெருச்சாளிகூடக் கருவாடாகத்தான் கிடைத்தது. மரக்காணத்தில் பிறந்தவனுக்கு இதெல்லாம் தெரியும். ஆனாலும், கீற்று இடுக்குகளில் மாலை வெயில் நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், கிழக்கு மூலைக்குப் போனால் அங்கேயும், தார்ப்பாயைத் தூக்கினால் அதன் அடியிலும், அவன் போகுமிடமெல்லாம் அந்த நாற்றம் முன்கூட்டியே வந்து நின்றது.

கொட்டகை பெயருக்குத்தான் உப்புக்கு. பின்பக்கத் தடுப்புக்குள் நடப்பது வேறு வியாபாரம். எங்கிருந்தோ வரும் போதைப் பவுடரில் மாட்டைச் சாய்க்கப் போடும் மயக்க மருந்தையும் கைக்குக் கிடைத்த தூளையும் கலந்து ராஜ்கமல் அளவைப் பெருக்குவான். ஈ.சி.ஆரில் பைக்கில் வந்து அதை வாங்கிப் போகிறவர்களை அவன் மனுஷர்களாகவே மதித்ததில்லை. வாயில் ஈ நுழைந்தாலும் தெரியாத ஜென்மங்கள், இதுகளுக்குச் சுத்தமான சரக்கு ஒரு கேடா என்று சிரிப்பான். தான் மட்டும் ஒரு சிட்டிகைகூடத் தொட்டுப் பார்த்ததில்லை என்பதில் அப்படி ஒரு பெருமை, ஏதோ ஐயப்பனுக்கு மாலை போட்டவன் மாதிரி.

தொடாமல் எங்கே இருந்தான்? உப்பை விரலிடுக்கில் தேய்த்துப் பதம் பார்க்கிற ஊர்ப் பழக்கம் அவன் கையை விடவில்லை. பவுடரையும் அப்படியே தேய்த்துப் பார்ப்பான். உப்பு வேலையில் வெடித்த விரல்கள். கையுறை பயந்தாங்கொள்ளிகளுக்கு என்பது அவன் கட்சி. போன வாரம் வலது கட்டைவிரலில் ஒரு கொப்புளம் வந்தது. இப்போது விரலே கறுத்துப்போய் மஞ்சளாகக் கசிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் எதைத் தொட்டாய் என்று கேட்பார்கள். அதனால் துணியைச் சுற்றிக்கொண்டு சும்மா இருந்தான்.

"அண்ணா."

வாசலில் பிரபு. இடையஞ்சாவடியில் ஏசி ரிப்பேர் பார்க்கிறவன், ராஜ்கமலின் பழைய வாடிக்கை. இடுப்போடு மடிந்து, தலை முழங்காலை நோக்கித் தொங்க, எப்படியோ விழாமல் நின்றான். முன்கையில் துண்டு சுற்றியிருந்தது.

"புண்ணு ஆற மாட்டேங்குதுணா. ஊசி போடாத எடத்துலயும் வருது."

"குளிச்சு எவ்ளோ நாளாச்சுடா? நாறுற. எட்டிப் போ."

பிரபு மெதுவாகத் தலையைத் தூக்கி மூக்கை உறிஞ்சினான். "நான் இல்லணா. அது உன் கைணா."

ராஜ்கமல் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"எனுக்கும் இப்படித்தான் கறுத்துச்சு. பெரியாஸ்பத்திரிக்குத்தான் போறேன். நீயும் வாணா. என்னா கலந்தன்னு சொன்னா டாக்டருக்குப் புரியும். ரெண்டு பேரு கையும் தப்பிக்கும்."

"நான் உன்ன மாதிரி போதை நாயாடா? ஓடிப்போ."

பலகைக் கதவைக் காலால் உதைத்துச் சாத்தினான். வெளியே பைக் கிளம்பும் சத்தம் கேட்டது, உப்புப் பாத்தி வரப்பு முழுக்க அது தேய்ந்துகொண்டே போய் மறைந்தது.

வெயில் நூல்கள் ஒவ்வொன்றாக அறுந்தன. குவியலுக்கு அடியிலிருந்து உப்புநீர் கசிந்து சொட்டும் சத்தம், பகலெல்லாம் காதில் விழாதது, இப்போது யாரோ நாக்கைச் சப்புக்கொட்டுவதுபோலக் கேட்டது. நாற்றம் தொண்டைக்குள் இறங்கியது. பயந்துவிட்டான், அந்த வாய்ச்சவடால் வீரன். பல்லால் துணியை அவிழ்த்தான்.

புண்ணில் உப்பு பட்டால் எரியும். எரிந்தால் சதைக்கு உயிர் இருக்கிறது. அவ்வளவுதானே.

குவியலில் குத்திட்டு உட்கார்ந்தான். கட்டைவிரலை உப்புக்குள் நுழைத்தான்.

எரியவில்லை.

இன்னும் ஆழமாக. மணிக்கட்டு வரை. அழுத்தித் திருகினான். உப்புக் கல் நறநறவென்று நொறுங்கியது. சத்தம் கேட்டது. கை உணரவில்லை.

"எரிடா," என்றான். கெஞ்சலாக இருந்தது குரல்.

இன்னொரு திருகு. உள்ளே ஏதோ லேசாக இளகியது. பழுத்த பழம் காம்பை விடுவதுபோல. வலி இல்லை.

கையை வெளியே எடுத்தான். இலேசாக வந்தது.

நான்கு விரல்கள்.

குவியல் சரிந்தது. வெள்ளை உப்பில் கட்டைவிரல் நின்றுகொண்டிருந்தது, நகம் மேலே பார்த்தபடி. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

அதை எடுக்க இடது கையை நீட்டினான்.

அந்தக் கையின் விரல் நுனிகளும் கறுத்திருந்தன. ஐந்தும்.