உறைபேழை

செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில் பெண் பார்க்க வருகிறவர்கள் பலகாரத்தைத் தொடுவதற்கு முன் உறைபேழையைத்தான் காட்டச் சொல்வார்கள். அங்கே அடிக்கும் கதிர்வீச்சு சூலகத்தைக் கருக்கிவிடும். அதனால் சிறுமியாக இருக்கும்போதே சூலகத்தின் மேற்புறத்தை மெல்லிய துண்டுகளாக வெட்டி, திரவ நைட்ரஜனில் உறையவைத்து அந்தப் பேழையில் பத்திரப்படுத்திவிடுவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாக உடம்பில் திரும்பப் பொருத்தினால், துண்டு உயிர்பெற்று, சில வருடங்கள் கருமுட்டை தரும். பையன்களுக்குப் பேழை கிடையாது. ஆண்பிள்ளைக்கு என்ன குறை வந்துவிடப்போகிறது?

செவ்வந்தியின் பேழையில் மூன்று துண்டுகள் இருந்தன. மூன்றாவதும் ஓய்ந்துவிட்டதாகத் தெரிந்த அன்று, மாமியார் சிவபாக்கியம் அவளை எந்திர மருத்துவரிடம் அழைத்து வந்தார். மலட்டுத் துண்டுகளைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று வழி முழுக்க சம்பந்தி வீட்டாரைத் திட்டிக்கொண்டே வந்தார். கையில் கனமாக ஒரு பை வைத்திருந்தார். திறந்தவெளிச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் மகன் கதிரேசன் வரவில்லை. அவனை வரச்சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

செவ்வந்தியிடம் இனிப் பொருத்த எதுவும் மிச்சமில்லை. தன் வயிற்றில் ஒரு பிள்ளை இனித் தங்காது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. அழுகைகூட வரவில்லை. முதன்முறையாக மாமியாரை முந்திக்கொண்டு அவளே கேட்டாள்.

"என் துண்டுல என்ன கோளாறு?"

"ஒன்றும் இல்லை," என்றது எந்திரம். "மூன்றும் நன்றாக வேலை செய்தன. உங்கள் கணவரிடம்தான் விந்தணுக்கள் இல்லை. சுரங்க வேலைக்கான உடற்சோதனையிலேயே தெரிந்தது."

"எப்போ?"

"முதல் துண்டைப் பொருத்துவதற்கு முன்பே."

"அப்புறம் ஏன் சொல்லல?"

அதன் குரலில் வருத்தம் எதுவும் இல்லை. "பூமியின் பழைய மருத்துவப் பதிவுகளைப் படித்துத்தான் நான் தொழில் கற்றேன். குழந்தை இல்லையென்றால் மனைவியைத்தான் அழைத்து வருகிறார்கள். கணவரைச் சோதிக்கலாம் என்றால் வேறு மருத்துவரிடம் போய்விடுகிறார்கள். பேசாமல் இருப்பதும் சிகிச்சையில் சேர்த்தி என்று புரிந்துகொண்டேன்."

செவ்வந்தி மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். இவராவது ஒரு வார்த்தை சொல்வார் என்று மனம் அடித்துக்கொண்டது.

சிவபாக்கியம் எழுந்துபோய் முதலில் கதவைச் சாத்தினார். பிறகு பையிலிருந்து புதிய பேழை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது கதிரேசனுக்கு ரெண்டாவதா பாத்திருக்கற பொண்ணோடது. நல்லா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

எந்திரம் பேழையை எடுத்துப் பார்த்தது. துண்டுகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்றது. அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.