நீக்கிய ஒலி

அவள் பேசி முடித்த பிறகும் கம்ப்யூட்டர் திரையில் ஒலியைக் காட்டும் பச்சைக் கோடு அடங்கவில்லை.

தேவகிருபை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஒலிப்பதிவுக்கென்று பின்னறையின் ஒற்றைச் சன்னலைக் கம்பளியால் அடைத்து, சுவர் முழுக்க மருத்துவப் பஞ்சுச் சுருளை ஒட்டியிருந்தார்கள். பிணத்தின் மூக்கில் வைக்கும் அதே பஞ்சு. மின்விசிறியை நிறுத்தியாயிற்று. மதிய வெயில் மொட்டைமாடி வழியே இறங்கி, பஞ்சின் மருந்து வாடை வேர்வையோடு சேர்ந்து தொண்டையை அடைத்தது. ராஜபாளையத்துத் தெருச் சத்தம் எதுவும் இங்கே நுழையாது. தன் ரத்தம் காதுக்குள் ஓடுவதுதான் கேட்கும். அந்த நிசப்தத்திலும் கோடு மெல்ல ஏறி இறங்கியது, தூங்குகிறவரின் நெஞ்சைப் போல.

அவள் கணவன் ஞானதுரை ஆட்டோவின் தலையில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக அறிவிப்புச் செய்கிறவன். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, சபைக் கூட்டம், பெரும்பாலும் சாவு. பேசுவது அவள். கம்ப்யூட்டர் வந்த பிறகு, ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் கொஞ்சம் பேசாமல் இருக்கப் பழகியிருந்தாள். அறையின் இரைச்சல் எது என்று அந்தப் பேசாத இடத்தைக் காட்டிவிட்டால், பதிவு முழுவதிலிருந்தும் இயந்திரம் அதை உருவி எடுத்துவிடும். மிச்சம் அவள் குரல் மட்டும், கழுவித் துடைத்தாற்போல. அதைக் கேசட்டில் ஏற்றிக் கொடுப்பாள். சாவுச் செய்தியில் குரல் நடுங்கக் கூடாது என்பதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. நடுங்குவதற்கு உள்ளே எதுவும் மிச்சமில்லையோ என்ற பயமும் சில நாள் வரும்.

"உருவி எடுக்கியே, அந்தக் குப்பையெல்லாம் எங்கிட்டு போகுது ஏட்டி?" என்று காலையில் கேட்டுவிட்டுத்தான் ஞானதுரை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிருந்தான்.

"உங்க மண்டைக்குள்ளதான். காலியாத்தான கிடக்கு."

நீக்கியதை மட்டும் தனியாகக் கேட்க ஒரு வழி இருந்தது. அவள் அதை ஒருநாளும் தொட்டதில்லை. இப்போது தொட்டாள். ஹெட்போனை மாட்டினாள்.

முதலில் தொலைவில் மழை பெய்வது போல ஓர் இரைச்சல். அதற்கடியில் ஒரு பெண்ணின் குரல். அவளுடைய குரல்.

"சேத்தூர் மேலத்தெரு பிச்சையம்மாள் அவர்கள் இறைவனடி சேர்ந்தார்."

சற்றுமுன் அவள் பேசியதுதான். ஆனால் திரையில் ஓடிக்கொண்டிருந்தது பதிவின் தொடக்கம். அவள் உதட்டை மூடி உட்கார்ந்திருந்த இடம்.

நேற்றைய பதிவைத் திறந்தாள். குருசாமியின் சாவு. அதிலும் அப்படியே. அதற்கும் முந்தியது வெள்ளைத்தாய். அப்படியே. எல்லாவற்றிலும் அந்தக் குரல் முதலில் சொல்லியிருந்தது. பின்னால்தான் இவள், ஒரு சொல் பிசகாமல்.

இன்றைய பதிவின் கடைசிக்குப் போனாள். கோடு அடங்காத இடம்.

"ஒலிபெருக்கி ஞானதுரை அவர்கள் இன்று பிற்பகல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்."

ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்தபோது முன்வாசல் அறையில் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. ஓடினாள். ஞானதுரைதான்.

"சேத்தூர் கேசட்டு ரெடியா? கிளம்பிட்டேன். செத்த நேரத்துல வாரேன்."

"வராதீங்க. ஆட்டோவ எடுக்காதீங்க. அங்கனயே இருங்க."

"என்னட்டி இது? சாவு வீட்டுக்காரவிய காத்துக்கிட்டு இருக்காவ. பொறவு அவியளுக்கு யாரு பதில் சொல்லுதது?"

"ஏங்க, ஒங்களக் கும்பிடுதேன்..."

வைத்துவிட்டான்.

திரும்பி வந்து அத்தனை பதிவையும் அழித்தாள். அது சொல்கிறது, நான் பின்னால் சொல்கிறேன். இதுவரை அப்படித்தான். நான் சொல்லாவிட்டால்? நான் சொல்லாதவரை அவருக்கு ஒன்றும் ஆகாது. அந்த நினைப்பை இறுகப் பற்றிக்கொண்டாள். மைக்கின் வயரைப் பிடுங்கி எறிந்தாள்.

கோடு படுத்தது.

பின் எழுந்தது.

அவளுடைய கீழுதடு அசைந்தது. அவள் அசைக்கவில்லை.

இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். உள்ளங்கைக்கு அடியில் உதடுகள் குவிந்தன. விரிந்தன. நிதானமாக. அவசரமே இல்லாமல்.

திறந்து கிடந்த கதவு வழியே, வாசலில் ஆட்டோ வந்து நிற்பது கேட்டது.

"கிருபை!"

வந்துவிட்டான். புழுதி படிந்த சட்டையோடு, வேர்வையோடு, உயிரோடு. அவளுக்கு ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். பல்லுக்குப் பின்னால் நாக்கு புரண்டது.

"என்னட்டி, பல்லுவலியா? கைய எடு, பாப்போம்."

தலையை ஆட்டினாள். பின்னால் போனாள். முதுகில் பஞ்சுச் சுவர்.

"ஏட்டி, பயங்காட்டாத. ஒண்ணுமில்ல. நான்தான் வந்துட்டேன்ல."

கிட்டே வந்தான். அவள் மணிக்கட்டுகளைப் பிடித்தான். பிரியத்தோடுதான் பிடித்தான். இழுத்தான். அவள் இறுக்கினாள். அவன் கை வலுவான கை.

அவள் கை விலகியது.

வாய் திறந்தது.

குரல் வந்தது. மூச்சுச் சத்தம் இல்லை. நடுக்கம் இல்லை. ஞானதுரை தலையைச் சாய்த்துக் கேட்டான், ஒரு புதுப் பதிவைக் கேட்பது போல. தன் பெயர் வந்தபோது சிரிக்கப் போனான்.

குரல் முடித்துவிட்டு, அறிவிப்புக்கு உரிய முறைப்படி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது.

அவள் மணிக்கட்டில் அவன் விரல்கள் ஒவ்வொன்றாகக் குளிர்ந்தன. பிடி மட்டும் தளரவில்லை.