மஞ்சளாய்க் கலங்கிய பாட்டில்

காலை ஆறரைக்குத் தராசில் ஏறிய கறிக்கோழிகளைப் பார்த்ததும் பண்ணைக்காரர் டெஃபோ கத்தி ஊரைக் கூட்டினார். விற்கிற வயதாகியும் பாதி எடைதான். தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கழிந்ததில் கொட்டகைத் தரையே சொதசொதத்தது.

"தீவனம் கலக்குற சொலாஞ்ச்தான் திருடி. எமல்சிஃபயர் பொடியைப் போடாம வித்துட்டா!"

தீவனத்துச் செம்பனை எண்ணெயைத் தண்ணீரோடு கலக்கவைத்துச் செரிக்கச் செய்வதுதான் அந்தப் பொடி.

ஓய்வுபெற்ற ஜெண்டார்ம் போலீஸ்காரர் நூபிசி யாரையும் நம்பாத ஆள். தன்னை வரவழைத்த டெஃபோவையே முதலில் ஏற இறங்கப் பார்த்தார்.

"பொடி நல்ல பொடிதானா?"

கிடங்குச் சாவி வைத்திருக்கும் பிளேஸ், டெஃபோவின் அக்கா மகன், சிரித்தான். பிரித்த மூட்டையிலிருந்து ஒரு கரண்டி பொடியை எண்ணெயோடும் தண்ணீரோடும் பாட்டிலில் போட்டுக் குலுக்கினான். எல்லாம் மஞ்சளாய் ஒன்றுகூடியது.

"எண்ணெய் பிரியுதா பெரியவரே? சரக்கு சுத்தம். கைதான் சுத்தமில்ல."

"குடுத்ததை அப்படியே கொட்டினேன்யா," என்று அழுதாள் சொலாஞ்ச். "ஜெயிலுக்குப் போனா என் பிள்ளைங்க தெருவுல நிக்கும்."

"அழுகை சாட்சி ஆகாது. கிடங்குல பிரிக்காத மூட்டை இருக்கா?"

பிளேஸின் சிரிப்பு நின்றது.

நூபிசி பிரித்துக் குலுக்கிய அந்த மூட்டைப் பொடியும் மஞ்சளாய்க் கலங்கியது. பிறகு, கோழிகள் நன்றாக வளர்ந்த போன முறை வந்த சரக்கின் காலிச் சாக்கு மூலையில் ஒட்டியிருந்த பொடியைச் சுரண்டிக் குலுக்கினார். அதுவும் கலந்தது, ஆனால் நிறம் வெளிறிய செம்மை.

"டெஃபோ, சேப்பங்கிழங்கு மசியலுக்கு ஊத்துற உன் வீட்டுக் குழம்பு எப்படி மஞ்சளாகுது?"

"காரக்கல்லு, அந்த உவர் உப்பைக் கரைச்ச தண்ணிய செம்பனை எண்ணெய்ல ஊத்தி அடிச்சா..." டெஃபோ பாதியில் நிறுத்தினார்.

"அதேதான். எண்ணெய் பிரியுதான்னு பாத்தீங்களே தவிர, நிறத்தை யாரு பாத்தீங்க? தினம் தட்டுல பாக்குறதாச்சே! இது காரக்கல் தூள். இந்த உப்புத் தாகத்துலதான் கோழி தண்ணியக் குடிச்சுக் கழிஞ்சது. தையலைப் பாரு. பழைய சாக்குல கம்பெனி நூல் நீலம், இந்த மூட்டைல வெள்ளை. அவ கைக்கு வர்றதுக்கு முன்னாடியே கிடங்குக்குள்ள மாத்தியிருக்கு. பிளேஸ், நல்ல பொடிய எந்தப் பண்ணைக்கு வித்தே?"

பிளேஸ் கிடங்குச் சாவியைக் கழற்றி டெஃபோவிடம் நீட்டினான்.

"விடு நூபிசி," டெஃபோவின் குரல் இறங்கியது. "அக்கா மகன். வீட்டுக்குள்ளயே பேசி முடிச்சுக்கலாம்."

"சரி. அப்ப இவளை மட்டும் ஏன்யா ஊரைக் கூட்டித் திருடின்னே?"

சொலாஞ்ச் இப்போது அழவில்லை. டெஃபோவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

டெஃபோ போனை எடுத்தார். ஜெண்டார்ம்களை அவரே கூப்பிட்டார்.